சென்ற வருடக் குட்டிகள் வைத்துவிட்டுப் போன கடன்

செம்மறி ஆடுகளின் வயிற்றுப் புழுக்கள் பெரும்பாலும் தாய் ஆட்டின் புழுக்கை வழியாகத்தான் மேய்ச்சல் நிலத்தில் பரவுகின்றன. குட்டி புல் மேயும்போது புழுவையும் சேர்த்து விழுங்குகிறது. ஆனால் பிரிட்டனைப் படாதபாடு படுத்திய ஒரு புழு இந்தக் கணக்கையே மாற்றியது.

அதன் பெயர் நெமட்டோடைரஸ் பேட்டஸ். கிராஃப்டன், தாமஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1951-இல் இதைத் தனி இனமாக அடையாளம் காட்டினர். இதில் தாய் ஆட்டுக்குப் பெரிய பங்கில்லை. வளர்ந்த ஆட்டுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். சென்ற வருடக் குட்டி போட்ட முட்டை குளிர்காலம் முழுவதும் மண்ணில் கிடந்து, வசந்தத்தில் வெப்பம் 10 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மொத்தமாகப் பொரிக்கும். அப்போதுதான் புதுக் குட்டிகள் புல் கடிக்கத் தொடங்கியிருக்கும்! இளம்புழுக்கள் சிறுகுடல் சுவரைச் சிதைக்க, குட்டிகள் கழிந்து கழிந்து நீர் வற்றிச் சில நாட்களில் சாகும். புழு முட்டையிடும் முன்பே சாவு வந்துவிடுவதால் புழுக்கைப் பரிசோதனையும் உதவாது.

வணிகவியல் மொழியில் சொன்னால், சென்ற ஆண்டின் இறுதி இருப்பே இந்த ஆண்டின் தொடக்க இருப்பு.

ஆகவே வளர்ப்பு முறைதான் குட்டியின் தலையெழுத்தைத் தீர்மானித்தது. வருடாவருடம் ஒரே வயலில் குட்டிகளை விட்டவர்களுக்கு நஷ்டம். சென்ற வருடம் குட்டிகள் மேயாத வயலுக்கு மாற்றியவர்கள் தப்பினர். சீக்கிரமே குட்டி ஈன வைத்துக் கொட்டிலிலேயே வளர்த்தால் புல்லும் இல்லை, இந்தப் புழுவும் இல்லை. ஆனால் ஈரமான, நெரிசலான கொட்டிலில் காக்சிடியா என்ற வேறொரு குடல் ஒட்டுண்ணி காத்திருக்கும்!

1966-இல் ஆலரன்ஷா, ஸ்மித் இருவரும் வானிலையை வைத்தே இந்நோயை முன்கணிக்கும் வழியை வெளியிட்டனர். வசந்தம் குளிர்ந்து தாமதமானால் ஆபத்து அதிகம். முட்டை பொரிப்பதும் குட்டி மேய்வதும் ஒரே சமயத்தில் நேர்ந்துவிடும்.

பென்சிமிடசோல் வகை மருந்துகள் பல்லாண்டுகள் கைகொடுத்தன. மருந்து இருக்கும்போது வயலை மாற்றும் சிரமம் எதற்கு என்று தோன்றுவது இயல்புதானே? ஆனால் 2011-இல், அந்த மருந்துக்கு அடங்காத இதே புழு பிரிட்டனில் கண்டறியப்பட்டதாகச் செய்தி வந்தது. குளிரே படாமல் இலையுதிர் காலத்திலும் சில முட்டைகள் பொரிப்பது தெரியவந்தது.

மருந்து அந்த வருடக் குட்டியைக் காப்பாற்றும். மண்ணில் கிடக்கும் பழைய பாக்கியை அது தீர்க்காது. அதற்கு வயலை மாற்றுவதுதான் வழி.