ஆண்ட்வெர்ப் மழையில் ஒரு தக்காண ஓட்டக்காரர்

ஒலிம்பிக் மாரத்தானை ஓடி முடித்த முதல் இந்தியர் யார்னு வினாடி வினாவில் கேட்டால், பாதிப் பேர் மில்கா சிங் என்று சொல்லிவிடுவோம். மில்கா ஓடியது 400 மீட்டர். சரியான பதில், பதேப்பா சௌகுலே. ஆண்டு 1920, ஊர் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப், கிடைத்த இடம் 19.

நம்ம விளையாட்டு வரலாற்றில் இது ஒரு வரியோடு முடிந்துவிடும். பதக்கம் இல்லை, அவ்வளவுதான். பேச்சு கொஞ்சம் நீண்டால் ஒரு காரணமும் சேர்ந்துகொள்ளும்: "ஐரோப்பாவில் மழை, குளிர். நம்ம உடம்புக்கு அது ஒத்துக்காது." இந்தக் காரணம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்க்கத்தான் இந்தப் பதிவு.

முதலில், இவர் அங்கே எப்படிப் போனார்? 1919-இல் புனேயின் டெக்கான் ஜிம்கானா ஒரு விளையாட்டுப் போட்டி நடத்தியது. அதன் தலைவர் டாடா குழுமத்தின் தொராப்ஜி டாடா. அங்கே ஓடியவர்களில் பலர் கிராமத்து விவசாயிகள். வெறுங்காலோடு ஓடினார்கள். நவீன பயிற்சி, விதிமுறை எதுவும் பெரிதாகத் தெரியாது. ஆனால் சிலருடைய நேரம் ஐரோப்பிய ஓட்டக்காரர்களின் நேரத்துக்குப் பக்கத்தில் இருப்பதை டாடா கவனித்தார். 1920-இல் இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் கலந்துகொள்ள அனுமதி கிடைத்தது. டாடா தன் சொந்தப் பணத்தையும் போட்டு ஒரு சிறு அணியை அனுப்பினார். ஓட்டக்காரர்கள் நான்கு பேர், மல்யுத்த வீரர்கள் இரண்டு பேர். லண்டனில் சில வாரம் பயிற்சி, பிறகு நேராகப் போட்டி.

மாரத்தான் நடந்தது ஆகஸ்ட் 22-ஆம் தேதி. குளிர், மழை, ஈரச் சாலை. போதாக்குறைக்கு அன்றைய தூரம் 42.75 கிலோமீட்டர். இன்றைக்கு நாம் சொல்லும் 42.195 கிலோமீட்டர் நிலையான தூரமானது அடுத்த ஆண்டு, 1921-இல்தான். அதனால் ஒலிம்பிக் வரலாற்றிலேயே மிக நீளமான மாரத்தான் ஆண்ட்வெர்ப் மாரத்தான்தான்.

வென்றவர் ஃபின்லாந்தின் ஹானஸ் கோலெமாய்னன், 2 மணி 32 நிமிடம் 35.8 விநாடி. சௌகுலே 2 மணி 50 நிமிடம் 45.4 விநாடி. கூடப் போன சதாசிவ் தாத்தார் ஓட்டத்தை முடிக்கவில்லை.

தூரம் வேறு என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சௌகுலேயின் வேகம் கிலோமீட்டருக்கு 4 நிமிடத்துக்கு ஒரு மயிரிழை குறைவு. இன்றைய தூரத்துக்கு மாற்றினால் சுமார் 2 மணி 48 நிமிடம் 30 விநாடி. நூறு வருஷத்துக்கு முந்தைய சாலையில், ஜிபிஎஸ் கடிகாரமும் ஜெல் பாக்கெட்டும் இல்லாமல், மழையில். வார இறுதியில் மாரத்தான் ஓடுகிற நண்பர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், இந்த நேரம் எவ்வளவு கடினம்னு சொல்வார்கள்.

இப்போ "ஒத்துக்காது" விஷயத்துக்கு வருவோம். அதே மழையில், அதே சாலையில் கோலெமாய்னன் ஓடிய நேரம், அதுவரை பதிவான மாரத்தான் நேரங்களிலேயே சிறந்ததாக எண்ணப்பட்டது. அப்படின்னா அந்த வானிலை எல்லாரையும் முடக்கவில்லை. 'அவர் குளிர்நாட்டுக்காரர், அதான்' என்று நீங்கள் சொல்லலாம். அதற்கு இன்னும் மோசமான ஒரு நாளைப் பார்க்கணும்.

2018 ஏப்ரல் 16, அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான். தொடக்கத்தில் 5 டிகிரிக்கும் கீழே. கொட்டும் மழை, முகத்தில் அறையும் எதிர்காற்று. இங்கே சாலையும் சமதளம் இல்லை. முதல் பாதி பெரும்பாலும் இறக்கம். தொடையைப் பதம் பார்த்துவிடும். சுமார் 26-ஆவது கிலோமீட்டரிலிருந்து நியூட்டன் மேடுகள், கடைசியில் பேர்பெற்ற ஹார்ட்பிரேக் ஹில். மழையில் மேடு ஏன் கொடுமை? ஓடும்போது தசைகள்தான் உடம்புக்கு அடுப்பு. மேட்டில் மூச்சைப் பிடித்து ஏறும்வரை அடுப்பு எரிகிறது. களைத்து வேகம் குறைந்தால் சூடும் குறைகிறது. நனைந்த துணியும் காற்றும் மிச்சச் சூட்டையும் இழுத்துக்கொண்டு போய்விடும். நடுக்கம் வந்தபின் ஓடுவது ரொம்பக் கடினம்.

அன்று கென்யா, எத்தியோப்பியா வீரர்கள் மட்டுமல்ல, அமெரிக்காவின் முன்னணி ஓட்டக்காரர்களும் பாதியில் விலகினார்கள். ஆண்களில் வென்றவர் ஜப்பானின் யுகி கவாவுச்சி, 2 மணி 15 நிமிடம் 58 விநாடி. அரசுப் பள்ளி அலுவலகத்தில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டு ஓடியவர். அதே ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி, பாஸ்டனுக்கு அருகே மார்ஷ்ஃபீல்டில் சுமார் மைனஸ் 17 டிகிரியில் நடந்த ஒரு சின்ன மாரத்தானை அவர் ஓடியிருந்தார். அதை முடித்தது அவர் ஒருவர் மட்டுமே. பெண்களில் டெஸிரே லிண்டன் வென்றார், 2 மணி 39 நிமிடம் 54 விநாடி. இரண்டாவதாக வந்த சாரா செல்லர்ஸ் அப்போது வசித்தது அரிசோனாவின் டூசான் நகரத்தில். அது பாலைவனம். மருத்துவமனையில் மயக்க மருந்துப் பிரிவுச் செவிலியர். வாழும் ஊரின் தட்பவெப்பம்தான் தீர்மானிக்கும் என்றால் இவர் அந்த இடத்துக்கு வந்திருக்கவே முடியாது.

நம்ம பக்கமே சான்று இருக்கிறது. 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக் மாரத்தானும் மழையில் நடந்ததுதான், கோடை மழை. பீகாரின் பக்சர் பகுதியிலிருந்து வந்த ராணுவ வீரர் ஷிவ்நாத் சிங் 11-ஆவதாக வந்தார், 2 மணி 16 நிமிடம் 22 விநாடி. 1920-இல் வென்றவருக்கும் நமக்கும் இருந்த இடைவெளி 18 நிமிடம். 1976-இல் அது ஆறரை நிமிடம்கூட இல்லை. 1978-இல் ஜலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடம், 40 ஆண்டுகளுக்கும் மேலாகத் தேசியச் சாதனையாக நின்றது. அவருக்குப் பின்னால் ராணுவத்தின் பல வருடப் பயிற்சி இருந்தது. சௌகுலேவுக்குக் கிடைத்தது லண்டனில் சில வாரம். அவரிடம் இல்லாதது குளிரைத் தாங்கும் உடம்பு அல்ல, பழகிக்கொள்ள நேரம்.

அந்தக் குறையை நிரப்பும் வேலை நம்ம ஊரில்தான் தொடங்கியது. அதே 1920-இல் சென்னையில் ஹாரி குரோ பக், ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கிறதே, அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளர் அவரே.

எங்க புதுக்கோட்டையில் மலைன்னா நார்த்தாமலை, குடுமியான்மலை மாதிரி பாறைக் குன்றுகள்தான். சாலையெல்லாம் கிட்டத்தட்ட சமதளம், மழையும் ஐப்பசி, கார்த்திகையோடு சரி. இந்த மண்ணிலிருந்துதான் சூர்யா லோகநாதன் போய், 2016 குவாஹாத்தி தெற்காசியப் போட்டியில் 10,000 மீட்டர் தங்கம் வாங்கினார்.

சௌகுலேயின் தக்காணத்தில், சதாராவில், 2012 முதல் மழைக்காலத்தில் ஒரு மலை அரை மாரத்தான் நடக்கிறது. காஸ் போகும் சாலையில் பாதித் தூரம் ஏறி, அதே வழியில் இறங்கணும். இங்கிருந்து யாராவது அதற்குப் பெயர் கொடுத்திருந்தால், ஐப்பசி மழையில் ஓடப் போகாமல் வீட்டில் இருந்துவிடாதீர்கள். ஏறிப் பழக நார்த்தாமலை போதாது. ஒரு வாரமாவது ஏற்காடோ கொல்லிமலையோ போய் வாருங்கள்.