'ஹெக் பண்ணிட்டாங்க': ஒரு சொல்லும் அதன் பொருளும்

எமது சமூகத்தின் அன்றாடப் பேச்சில் அண்மைக் காலமாக அதிகம் புழங்கும் தொழில்நுட்ப வினைச்சொல் 'ஹெக்' என்பதாகும். 'என்ட வட்ஸ்அப்ப ஹெக் பண்ணிட்டாங்க' என்று சொல்லாத குடும்பமே இல்லை எனலாம். ஆனால் ஒரே சொல்லால் நான்கு வெவ்வேறு விடயங்களைக் குறிப்பிடுகின்றோம். அதனால் பரிகாரமும் பிழைத்துப் போகின்றது என்பதே எனது கருத்து.

ஆங்கிலத்தில் இச்சொல்லின் மூலப்பொருள் வெட்டுதல், கொத்துதல் என்பதாகும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மாதிரி ரயில் கழக மாணவர்கள் 1950களில் இயந்திரங்களை நோண்டி, புதுமையாக இயங்க வைப்பதற்கு இச்சொல்லைப் பயன்படுத்தினர். அப்போது அது குற்றமல்ல, கெட்டித்தனம். அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைதல் என்ற பொருள் பிற்காலத்தில்தான் மேலோங்கியது. தமிழில் 'ஊடுருவல்' என்கிறோம்.

இனி எமது வழக்கைப் பார்ப்போம்.

முதலாவது, உண்மையான ஊடுருவல். மென்பொருளின் குறைபாட்டைப் பயன்படுத்தி, உரிமையாளர் எதுவும் கொடுக்காமலே உள்நுழைவது. சாதாரண மக்களுக்கு இது நேர்வது குறைவு.

இரண்டாவது, ஏமாற்றிப் பெறுதல். வட்ஸ்அப் கணக்கொன்றைப் புதிய தொலைபேசியில் திறக்க, அந்த இலக்கத்திற்கு 6 இலக்கக் குறியீடொன்று எஸ்.எம்.எஸ். மூலம் வரும். மோசடிக்காரன் உங்கள் இலக்கத்தைத் தனது போனில் பதிந்துவிட்டு, 'தவறுதலாக உங்களுக்கு ஒரு கோட் வந்திருக்கு, அனுப்புங்க' என்று கேட்பான். அதுவும் ஏற்கனவே கைப்பற்றிய உங்கள் சாச்சியின் கணக்கிலிருந்தே கேட்பான். அனுப்பிய மறுகணம் உங்கள் கணக்கு அவன் கையில். இங்கு பூட்டு உடைக்கப்படவில்லை, திறப்பு கேட்டு வாங்கப்பட்டுள்ளது.

மூன்றாவது, போலிக் கணக்கு. உங்கள் படத்தையும் பெயரையும் எடுத்து வேறொரு பேஸ்புக் கணக்கைத் திறப்பது. உங்கள் கணக்குக்கு எதுவும் நடக்கவில்லை. கடவுச்சொல்லை மாற்றுவதால் பயனில்லை, அந்தப் போலிக் கணக்கை முறைப்பாடு செய்ய வேண்டும்.

நான்காவது, கைவிட்டுப் போன போனை அடுத்தவர் திறந்து பார்ப்பது. வட்ஸ்அப்பை இன்னொரு கருவியில் இணைத்து வைத்தால், உரிமையாளருக்குத் தெரியாமலே செய்திகளை வாசிக்கலாம். 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியில் அறிமுகமற்ற கருவி இருந்தால் உடனே நீக்க வேண்டும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? ரமழானில் ஸகாத்தும் ஸதகாவும் வட்ஸ்அப் குழுமங்கள் வழியாகவே சேர்க்கப்படுகின்றன. ஜமாஅத் நிர்வாகி ஒருவரின் கணக்கு கைமாறினால், 'அவசர சத்திரசிகிச்சை, இந்தக் கணக்கிற்குப் பணம் போடுங்க' என்ற செய்திக்கு அவரது நற்பெயரே பிணையாகின்றது. இழக்கப்படுவது ஏழைகளின் அமானிதம்.

இன்னொன்றும் உண்டு. 'ஹெக்' என்றவுடன் சந்தேகம் போன் திருத்தும் கடைப் பையன் மீதோ, மருமகன் மீதோ விழுகின்றது. வீண் சந்தேகத்தையும் துருவி ஆராய்தலையும் தடுக்கும் சூரா ஹுஜுராத், வரும் செய்தியை உறுதிப்படுத்தவும் கட்டளையிடுகின்றது. அடுத்தவர் வீட்டினுள் அனுமதி பெற்றே நுழைய வேண்டும் என்ற மார்க்கத்தின் ஒழுக்கம், கணவன் மனைவியின் போனுக்கும் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன்.

கணக்கு பறிபோனால் செய்ய வேண்டியது இதுதான்: உடனே உங்கள் இலக்கத்தை மீளப் பதிந்து, வரும் 6 இலக்கக் குறியீட்டை இடுங்கள். மோசடிக்காரன் வெளியேற்றப்படுவான். அவன் இரு படிநிலை இரகசிய இலக்கமொன்றை வைத்திருந்தால் நீங்கள் உள்நுழைய 7 நாட்கள் காத்திருக்க நேரிடும், ஆயினும் அவனால் அக்கணக்கைப் பாவிக்க முடியாது. அதற்கு முன்பே நீங்கள் அந்த இரகசிய இலக்கத்தை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். உறவினர்களுக்கு அழைப்பெடுத்து எச்சரியுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் அனுமதியற்ற அணுகல் தண்டனைக்குரியது. பொலிஸிலும் இலங்கை கணினி அவசர தயார்நிலை அணியிடமும் முறையிடலாம்.

ஆகவே அடுத்த முறை யாராவது 'ஹெக்' என்றால், 'உடைச்சாங்களா, கேட்டு வாங்கினாங்களா, உங்க பேர்ல வேறொன்று திறந்தாங்களா, போன எடுத்துப் பார்த்தாங்களா?' என்று கேளுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.