ஒரு பெயரின் இரண்டு தீவுகள்: கம்பர்பேட்ச் குடும்பப்பெயரின் வரலாறு

பெனடிக்ட் கம்பர்பேட்ச் என்ற நடிகரை உங்களில் பலருக்குத் தெரியும். ஷெர்லாக் ஹோம்ஸாகவும் டாக்டர் ஸ்ட்ரேஞ்சாகவும் நடித்தவர். அவருடைய பெயரைச் சொல்லத் திணறுவது இணையத்தில் ஓயாத கேலி. ஆங்கிலேயர்களுக்கே அது வினோதமான பெயர்தான். இங்கிலாந்தில் அந்தக் குடும்பப்பெயர் உள்ளவர்கள் அவ்வளவு அரிது. ஆனால் அட்லாண்டிக் கடலைத் தாண்டி, பார்படோஸ் தீவில் போய் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். அங்கே அது அன்றாடம் காதில் விழும் பெயர். அதைத் தாங்கியிருப்பவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள்.

சொந்த நாட்டில் அரிதான ஒரு பெயர், ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், நம் சென்னை மாநகராட்சியின் பரப்பே கொண்ட ஒரு சிறு தீவில் சாதாரணமாக இருப்பது எப்படி? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தால் குடும்பப்பெயர் என்பது வெறும் அடையாளமா, அல்லது சொத்துப் பத்திரமா என்ற இடத்துக்கு வந்து நிற்கிறோம்.

ஊர்ப்பெயர் குடும்பப்பெயரானது

இங்கிலாந்தில் குடும்பப்பெயர்கள் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1066இல் நார்மானியர் படையெடுத்து வந்த பிறகு, நிலமும் வரியும் ஏட்டில் ஏறத் தொடங்கின. அடுத்த முந்நூறு, நானூறு ஆண்டுகளில் பெரும்பாலோருக்குப் பரம்பரைப் பெயர் நிலைத்தது. தந்தை பெயர், தொழில், உடல்தோற்றம் அல்லது பட்டப்பெயர், ஊர் ஆகிய நான்கிலிருந்துதான் பெரும்பாலான பெயர்கள் பிறந்தன.

கம்பர்பேட்ச் நான்காவது வகை. இங்கிலாந்தின் வடமேற்கில் செஷயர் மாவட்டத்தில், நார்த்விச் நகருக்கு அருகில் கம்பர்பாக் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அந்த ஊரிலிருந்து வெளியே போனவரை மற்ற ஊர்க்காரர்கள் 'கம்பர்பாக்காரர்' என்று அழைத்தார்கள். ஊருக்குள் எல்லோருமே அந்த ஊர்க்காரர்கள் என்பதால் அங்கே அந்தப் பெயருக்குத் தேவையில்லை. சிறிய ஊர், வெளியேறியவர்கள் சிலர், அதனால் பெயரும் அரிது. பல காலம் அது செஷயரிலும் பக்கத்து ஸ்டாஃபோர்ட்ஷயரிலும்தான் சுற்றிக்கொண்டிருந்தது. எழுத்தர் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதியதால் எழுத்துக்கூட்டலும் பலவாயிற்று.

அந்த ஊர்ப்பெயரின் பொருளைக் கவனியுங்கள். பழைய ஆங்கிலத்தில் அதன் பின்பாதி, பள்ளத்தில் ஓடும் ஓடையைக் குறிக்கும். முன்பாதி 'கும்ப்ரர்' எனும் சொல்லிலிருந்து வந்தது என்பது ஒரு விளக்கம். அந்தப் பெயருள்ள ஒரு மனிதரைக் குறிக்கலாம் என்பது இன்னொன்று. கும்ப்ரர் என்றால் ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் வாழ்ந்த பிரித்தானியர். 'ஒரே நாட்டவர்' என்ற பொருளில் அவர்கள் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பெயர் அது. வேல்ஸ் மக்கள் இன்றும் தங்களை 'கும்ரி' என்றே சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் ஆங்கிலேயர் அவர்களுக்கு வைத்த பெயர் 'வெல்ஷ்'. அந்தச் சொல்லின் மூலப்பொருள் 'அந்நியர்'. பழைய ஆங்கிலத்தில் அதே சொல் 'அடிமை' என்ற பொருளிலும் வழங்கியது. தான் வைத்துக்கொண்ட பெயர் ஒன்று, ஆள வந்தவன் வைத்த பெயர் இன்னொன்று என்பது நமக்குப் புதிதல்ல.

பெயர் கப்பலேறியது

1627இல் ஆங்கிலேயர் பார்படோஸில் குடியேறினார்கள். முதலில் புகையிலையும் பருத்தியும் பயிரிட்டார்கள். 1640களில் கரும்பு வந்ததும் தீவின் தலையெழுத்து மாறியது. கரும்புக்கு ஆட்கள் வேண்டும். அவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் கொண்டுவரப்பட்டார்கள். 1661இல் பார்படோஸ் சட்டமன்றம் அடிமைகளை அடக்கி வைப்பதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. ஜமைக்காவும் தென் கரோலினாவும் பிறகு அதையே முன்மாதிரியாக எடுத்துக்கொண்டன.

இந்தத் தொழிலை அங்கே வேரூன்றச் செய்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் டிராக்ஸ். டிராக்ஸ் என்பதும் அரிய குடும்பப்பெயர்தான். யார்க்ஷயரில் ஊஸ் ஆற்றின் அருகே அதே பெயரில் ஓர் ஊர் இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் கதையில் ஒரு செய்தியை நாம் கவனிக்க வேண்டும். ஜேம்ஸின் மகன் ஹென்றி டிராக்ஸ் 1682இல் வாரிசின்றி இறந்தபோது, தோட்டம் சகோதரி மகனுக்குப் போயிற்று. ஷெட்டர்டன் என்ற பெயரில் பிறந்த அவர் டிராக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டார். அதன் பிறகும் சொத்து பெண்கள் வழியாகக் கைமாறிய போதெல்லாம், அவர்களை மணந்தவர்களோ பிள்ளைகளோ அந்தப் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். ரத்த வழி அறுந்தாலும் சொத்து வழி அறுபடாமல் பெயர் காப்பாற்றப்பட்டது. இன்று அந்தக் குடும்பப்பெயர் பிளங்கெட்-எர்ன்லி-எர்ல்-டிராக்ஸ் என்று நான்கு பெயர்களின் கோவை. 2010 முதல் 2024 வரை அந்தக் குடும்பத்தவர் ஒருவர் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

கம்பர்பேட்ச் குடும்பம் இந்த வரிசையில் பிறகு வந்தது. 1728இல் ஆபிரகாம் கம்பர்பேட்ச் என்பவர் பார்படோஸின் வடபகுதியில், செயின்ட் ஆண்ட்ரூ வட்டாரத்தில், கிளிலண்ட் என்ற கரும்புத் தோட்டத்தை வாங்கினார். நடிகரின் முன்னோர் அவர். அடிமைமுறை முடியும்வரை நூறாண்டுக்கு மேல் அந்தத் தோட்டம் நடந்தது. சுமார் 250 பேர் அங்கே அடிமைகளாக இருந்தார்கள்.

ஒற்றைப் பெயர்களின் பட்டியல்

அடிமைகளுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. ஆப்பிரிக்காவில் இருந்த பெயர் கப்பலிலேயே போய்விட்டது. 1817இல் பார்படோஸில் அடிமைகளைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். பெயர், ஆணா பெண்ணா, வயது, பிறந்த இடம், செய்யும் வேலை எனக் கட்டம் கட்டமாகப் பதிவேடுகள். பெயர்க் கட்டத்தில் ஒற்றைப் பெயர்தான். முதலாளியின் முழுப்பெயர் மட்டும் பக்கத்தின் தலையில் இருக்கும். களப்பணியில் படிவம் நிரப்பிப் பழகிய நமக்கு, ஒரு கட்டம் எதைக் கேட்கவில்லை என்பதும் ஒரு தகவல்தான்.

1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1834 ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பார்படோஸில் சுமார் 83,000 பேர் சட்டப்படி அடிமைகள் அல்லாதவர்கள் ஆனார்கள். ஆனால் வயல்வேலை செய்தவர்கள் 'பயிற்சியாளர்' என்ற பெயரில் 1838வரை அதே முதலாளியிடம் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. இழப்பீடாக அரசு 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடு அது. அந்தப் பணம் போனது அடிமைகளுக்கு அல்ல, அவர்களை 'இழந்த' முதலாளிகளுக்கு. டிராக்ஸ் குடும்பத்துக்கு 189 பேருக்காக 4,293 பவுண்டு கிடைத்தது. கம்பர்பேட்ச் குடும்பமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இதற்காக வாங்கிய கடனை பிரிட்டிஷ் கருவூலம் அடைத்து முடித்தது 2015இல்தான். அதுவரை வரி கட்டியவர்களில் அதே அடிமைகளின் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள்.

விடுதலையான மனிதருக்குத் திருமணப் பதிவேட்டிலும் கூலிக் கணக்கிலும் இரண்டாவது பெயர் தேவைப்பட்டது. சிலர் தந்தையின் முதற்பெயரை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்குப் பாதிரியாரோ எழுத்தரோ கொடுத்தார்கள். பலருக்கு முன்பிருந்த முதலாளியின் பெயரே ஒட்டிக்கொண்டது. செஷயர் ஓடையின் பெயர் இப்படித்தான் பார்படோஸ் குடிசைகளுக்கு வந்து சேர்ந்தது. ஆகவே அங்கே கம்பர்பேட்ச் என்ற பெயருள்ள எல்லோரும் அந்த முதலாளியின் ரத்த உறவு என்று நினைத்துவிடக் கூடாது. பெண்கள்மீது முதலாளிகள் நடத்திய வன்முறையால் ரத்த உறவு உள்ளவர்கள் இருக்கலாம். பெயர் மட்டும் ஒட்டியவர்களும் இருக்கலாம். அதேபோல, அந்தத் தோட்டத்தில் உழைத்த எல்லோரும் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளவும் இல்லை.

முதலாளிக்குச் சொத்தோடு பெயர் வந்தது. உழைத்தவருக்கோ, தானே சொத்தாக இருந்ததால் பெயர் வந்தது. ஒரே எழுத்துகள்தாம், வரலாறு இரண்டு.

தீவிலிருந்து உலகத்துக்கு

விடுதலை வந்தது, நிலம் வரவில்லை. தீவு முழுக்கத் தோட்டங்களின் கையில் இருந்தது. 1840இல் வந்த சட்டம், தோட்டத்து மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவர் அந்தத் தோட்டத்துக்கே உழைக்க வேண்டும் என்று கட்டிப்போட்டது. வீட்டைக் காட்டி வேலை வாங்குவது எப்படி என்று பண்ணையாள் குடும்பங்களுக்குத் தெரியும்.

வழி கிடைத்தபோது மக்கள் வெளியேறினார்கள். 1904 முதல் 1914 வரை பனாமா கால்வாய் வெட்ட பார்படோஸிலிருந்து பல்லாயிரம் பேர் போனார்கள். பிறகு நியூயார்க்குக்குப் போனார்கள். 1956 முதல் லண்டன் போக்குவரத்து நிறுவனம் பார்படோஸுக்கே ஆள் எடுக்க வந்தது. முதலாளியின் பெயரைச் சுமந்த மக்கள் முதலாளியின் நாட்டுக்கே பேருந்து ஓட்டப் போனார்கள்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு, மேற்கிந்தியத் தீவுகளின் டெஸ்ட் நடுவர் கிளைட் கம்பர்பேட்ச் நினைவிருக்கலாம். 2014 தொடக்கத்தில் ஸ்டேசி கம்பர்பேட்ச் என்ற கறுப்பினப் பெண் நியூயார்க் மாநகராட்சியில் துறை ஆணையராகப் பொறுப்பேற்றார். பெயரைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, தன் முன்னோர் பார்படோஸில் அந்த நடிகரின் முன்னோருக்கு அடிமைகளாக இருந்தவர்கள் என்று தான் நம்புவதாக வெளிப்படையாகச் சொன்னார். அடிமைகளின் வாரிசுகள் இழப்பீடு கேட்டு வரக்கூடும் என்பதால் அந்தப் பெயரில் நடிக்க வேண்டாம் என்று தன் தாய் எச்சரித்ததை நடிகரும் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். பெயர் ஒரு சாட்சி என்பதை அந்த அச்சம் சரியாகவே புரிந்துகொண்டது. 2013இல் வெளிவந்த ‘12 இயர்ஸ் எ ஸ்லேவ்’ படத்தில் அடிமைகளை வைத்திருக்கும் தோட்ட முதலாளியாக நடித்ததும் அவர்தான்.

அமெரிக்காவில் மால்கம் எக்ஸ் தன் 'லிட்டில்' என்ற பெயரைத் தூக்கி எறிந்து, பறிபோன ஆப்பிரிக்கப் பெயருக்கு அடையாளமாக 'எக்ஸ்' என்று போட்டுக்கொண்டார். ஸ்டேசி பெயரை வைத்துக்கொண்டே அது எங்கிருந்து வந்தது என்று சொன்னார். இரண்டில் எது சரி என்று நாம் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. இரண்டு பேருமே பெயரின் கதையை முதலாளியிடம் விட்டுவிடவில்லை.

நம்மைத் தொடும் இடம்

1833 சட்டத்தில் நம் பாடப்புத்தகங்கள் சொல்லாத ஒரு பிரிவு இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளுக்கும் இலங்கைக்கும் செயின்ட் ஹெலனாவுக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதன் 64ஆம் பிரிவு சொன்னது. பார்படோஸில் விடுதலை அறிவிக்கப்பட்ட நாளில், தஞ்சாவூரிலும் செங்கல்பட்டிலும் மலபாரிலும் நிலத்தோடு கட்டப்பட்டிருந்த மக்கள் அப்படியே இருந்தார்கள். இங்கே 1843இல் வந்த 5ஆம் சட்டம், மனிதர்மீது சொத்துரிமை கோரினால் நீதிமன்றம் ஏற்காது என்று மட்டும் சொன்னது. அடிமையாக வைத்திருப்பது குற்றமானது 1862இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான்.

ஆனால் இங்கே கம்பர்பேட்ச் போல ஒரு பெயரை எடுத்துக்கொண்டு வரைபடம் போட முடியாது. பண்ணையாரின் பட்டம் பண்ணையாளுக்கு ஒருபோதும் வராது. பார்படோஸில் முதலாளியின் பெயர் அடிமைமேல் ஒட்டியது; இங்கே சாதி அந்த வழியை அடைத்து வைத்திருந்தது. உழைத்தவர்களின் பெயர் ஒற்றைப் பெயராகவே நின்றது. பதிவேட்டில் அதன் பக்கத்தில் எழுதப்பட்டது சாதி மட்டுமே. பட்டங்களைத் துறப்போம் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டபோது, துறப்பதற்குப் பட்டம் உள்ளவர்களுக்குத்தான் அது பொருந்தியது.

அதனால் நம் தேடல் வேறு ஏடுகளில் நடக்க வேண்டும். மனிதரை விற்ற ஆளோலைகள், கோயில் கல்வெட்டுகள், கம்பெனிக் கால வருவாய்த்துறை ஆவணங்கள் இருக்கின்றன. ஆ. சிவசுப்பிரமணியனின் 'தமிழகத்தில் அடிமைமுறை' நூல் நமக்கு நல்ல தொடக்கம். ஆய்வு மாணவர்கள் ஒரே ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டு, நிலப் பதிவேட்டில் யாருடைய பெயர் இருக்கிறது, அந்த நிலத்தில் உழைத்தவர்களின் பெயர் எங்கே போயிற்று என்று பார்த்தாலே போதும். பாட்டிமார்களிடம் கேட்டால், எந்தப் பண்ணையில், எந்த வயலில், எத்தனை தலைமுறை என்று இன்றும் சொல்வார்கள். அதை எழுதி வைக்க வேண்டியது நாம்தான்.