கணப்படுப்பு மரத்திலே பிறந்த கிற்றார்



2002 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 3 ஆந் திகதி இலண்டன் மாநகரிலே பக்கிங்காம் அரண்மனையின் கூரைமீது ஒருவர் நின்று, பிரித்தானிய நாட்டுக் கீதத்தை மின்கிற்றாரிலே வாசித்தார். எலிசபெத் மகாராணியார் அரசுகட்டில் ஏறி ஐம்பதாண்டு நிறைவெய்திய விழா அது. வாசித்தவர் 'குயீன்' என்னும் இசைக்குழுவைச் சேர்ந்த பிரையன் மே. அவர் கையிலிருந்த கருவி கடையிலே வாங்கப்பட்டதன்று. நாற்பதாண்டுகளுக்கு முன்னர், பாடசாலை மாணவராயிருந்த காலத்தில், தந்தையாரோடு சேர்ந்து வீட்டிலே அவர் செய்துகொண்டது.

மின்கிற்றார் என்றதும் பெரிய தொழிற்சாலையும் இயந்திரங்களும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆனால் அதன் வரலாற்றை ஆராயப் புகுந்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் தனி மனிதனின் கையையே காண்கிறோம்.

கிற்றாரின் ஒலி மெல்லியது. எக்காளங்களும் முரசுகளும் முழங்கும் பெரிய இசைக்குழுவின் நடுவே அது கேளாது போயிற்று. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே ஹவாய் முறைக் கிற்றார் வாசித்துவந்த ஜோர்ஜ் பீச்சாம் என்பவர், இக்குறைக்கு மின்சாரத்தின் துணையை நாடினார். உருக்குத் தந்தி அதிரும்போது, அதன் அருகிலுள்ள காந்தப் புலமும் மாறுகிறது. அப்புலத்திலே மெல்லிய செப்புக்கம்பியைப் பல்லாயிரம் சுற்றாகச் சுற்றிவைத்தால், அதிலே சிறு மின்னோட்டம் எழுகிறது. அதனைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் மண்டபம் முழுவதும் கேட்கும். 1931 ஆம் ஆண்டிலே முதன் மாதிரி மரத்திலே கையால் செதுக்கப்பட்டது. பின்னர் அடோல்வ் றிக்கன்பாக்கர் என்பவரின் துணையோடு அலுமினியத்தில் வார்க்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. பொரிக்கும் சட்டியைப் போன்ற வடிவுடைமையால் அப்பெயராலேயே அது வழங்கலாயிற்று.

எனினும், உட்குடைவான கிற்றாரிலே இவ்வமைப்பைப் பொருத்தியபோது வேறோர் இடர் தோன்றியது. ஒலிபெருக்கியின் ஓசை பட்டு மரப்பெட்டி தானும் அதிர, கருவி ஊளையிடத் தொடங்கிற்று. 1940 ஆம் ஆண்டளவில் நியூயோர்க் நகரிலே லெஸ் போல் என்னும் கலைஞர், நான்கங்குலச் சதுரமான தேவதாரு மரக்கட்டை ஒன்றிலே தந்திகளைப் பூட்டினார். அதற்கு 'மரக்கட்டை' என்றே பெயருமிட்டார். பார்ப்பதற்குக் கிற்றாராகத் தோன்றும்பொருட்டுப் பழைய கிற்றார் ஒன்றை இரண்டாக அறுத்து இருமருங்கும் ஒட்டினார். கிப்சன் நிறுவனத்தார் முதலிலே அதனை ஏற்க மறுத்தனர். ஆயினும் 1952 ஆம் ஆண்டிலே அவர் பெயரையே சூட்டித் திண்ணுடற் கிற்றாரை அந்நிறுவனமே வெளியிட்டது.

1948 ஆம் ஆண்டிலே கலிபோர்ணியாவில் மேர்ள் திராவிஸ் என்னும் பாடகர், தாம் விரும்பிய கிற்றாரின் வடிவைத் தாளிலே வரைந்து போல் பிக்ஸ்பி என்பவரிடம் கொடுத்தார். பிக்ஸ்பி அதனை மேப்பிள் மரத்திலே செய்து கொடுத்தார். ஒருவருடைய கைக்கும் விருப்பத்திற்கும் ஏற்பக் கருவி சமைக்கும் மரபுக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

அதே மாநிலத்துப் புல்லர்ற்றன் என்னும் ஊரிலே வானொலிப்பெட்டி திருத்தும் கடை நடத்தியவர் லியோ பெண்டர். கிற்றார் வாசிக்க அறியாத அவரே 1950 ஆம் ஆண்டு முதல் அக்கருவியைப் பெருந்தொகையாகச் செய்து உலகெங்கும் பரப்பினார். ஆளுயரமான பெரிய வயலினைச் சுமந்து திரிந்த இசைஞரின் துன்பத்தை, 1951 இலே அவர் வெளியிட்ட மின்மந்தரக் கிற்றார் தீர்த்தது. அதிலே வீணையிற்போல மெட்டுகள் பதித்திருந்தமையால், விரல் தடுமாறினும் சுரம் தடுமாறாது. 'துல்லியம்' என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டதன் காரணம் அதுவே.

இனி, நாம் தொடக்கத்திலே கண்ட மாணவரிடம் வருவோம். 1963 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். பிரையனுக்கு வயது பதினாறு. அமெரிக்கக் கிற்றார் வாங்க வீட்டிலே பணமில்லை. தந்தையார் ஹரல்ட் மே, வீட்டு வானொலிப்பெட்டியையும் தொலைக்காட்சிப்பெட்டியையும் தம் கையாலேயே செய்தவர். தந்தையும் மகனும் வேலையைத் தொடங்கினர். பழைய கணப்படுப்பின் மேற்சட்டம் கழுத்தாயிற்று. புழு அரித்த துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தனர். பழைய மேசையின் ஓக் மரம் உடலுக்கு உதவிற்று. தந்திகளை நெகிழ்த்தி இறுக்கும் பொறிக்கு மோட்டார்ச் சைக்கிளின் வில்லுகள் பயன்பட்டன. அப்பொறியின் பிடி துவிச்சக்கரவண்டியிலிருந்து வந்தது. பிடியின் நுனிக்குத் தாயாரின் பின்னலூசி. மெட்டுகளின் இடங்காட்டும் புள்ளிகளுக்கு அவர் தையற்பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள்.

இவையெல்லாம் கண்டதைக் கொண்டு கட்டிய விளையாட்டு என எண்ணலாகாது. மெட்டுகளின் இடங்களைக் கணிதம் கொண்டே குறித்தல் வேண்டும். தந்தியின் நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் முதல் மெட்டின் இடம் வரும். எஞ்சிய நீளத்தை மீண்டும் அவ்வெண்ணால் வகுத்தால் இரண்டாவது வரும். இவ்வாறே சென்றால் பன்னிரண்டாவது மெட்டு தந்தியின் சரிநடுவிலே வந்து அமையும். இவர்களுடைய கிற்றாரின் தந்திநீளம் 24 அங்குலம். ஆதலின் முதல் மெட்டு ஒன்றேகால் அங்குலத்திற்குச் சற்று அப்பால் நிற்கும். மயிரிழை பிசகினும் செவி அறிந்துவிடும். வகுப்பறையிலே வெறும் எண்ணாக நின்ற கணக்கு, இங்கே விரலின்கீழ்ச் சுரமாக ஒலிக்கிறது.

தோல்வியும் இருந்தது. பிரையன் தாமே சுற்றிய காந்தச் சுருள்கள், தந்தியை இழுத்து வாசிக்கும்போது இரைந்தன. அவற்றை நீக்கிவிட்டுக் கடைச்சுருள்களை வாங்கிப் பொருத்தினார். தம் வேலையின் குறையைத் தாமே ஒப்புக்கொள்வதும் கைவினைஞனுக்குரிய ஒழுக்கமன்றோ?

இவ்வரலாற்றிலே பெற்றோர் சிந்திக்கவேண்டிய பகுதி ஒன்றுண்டு. வானியல் ஆராய்ச்சியை இடையிலே விட்டு மகன் இசையை நாடியபோது, தந்தையார் பெரிதும் மனம் வருந்தினார். கருவி சமைக்கத் தோள்கொடுத்தவர், அக்கருவி மகனை அழைத்துச் சென்ற வழியை ஏற்க முடியாது தவித்தார். பின்னர் நியூயோர்க்கிலே திரண்ட மக்கள் நடுவே மகன் வாசிப்பதைக் கண்ட பின்னரே அவர் உள்ளம் ஆறிற்று. மகனும் தாம் விட்ட ஆராய்ச்சியை மறந்தாரல்லர். 2007 ஆம் ஆண்டிலே, தம் அறுபதாம் வயதிலே, இலண்டன் இம்பீரியல் கல்லூரியிலே அதனை முடித்துக் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதனைக் காணத் தந்தையார் அப்போது உயிரோடிருக்கவில்லை.

பல்லாண்டு மாணவரோடு பழகியவன் என்ற முறையிலே ஒன்று கூறுவேன். பிள்ளைக்கு எவ்வழியைக் காட்டுவது என்று நாம் பெரிதும் கவலைப்படுகிறோம். ஹரல்ட் மே தம் மகனுக்குக் கொடுத்தவற்றுள் நிலைத்தது அவர் காட்டிய வழியன்று. அவனோடு மாலைதோறும் ஒரே மரத்தின்மீது குனிந்து நின்ற அப்பொழுதுகளே நிலைத்தன. அரண்மனைக் கூரையிலே ஒலித்தது அக்கணப்படுப்பு மரமே.