ஸ்லிம்பிரிட்ஜ் நீர்ப்பறவை ஆய்வு மையம்

இங்கிலாந்தில் செவர்ன் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய சதுப்புநிலத்தில் ஓவியரும் பறவையியலாளருமான பீட்டர் ஸ்காட் 1946-இல் நிறுவிய மையம். குளிர்காலத்தில் ஆர்க்டிக் பகுதியிலிருந்து வலசை வரும் காட்டு வாத்துகளைத் தேடி அங்கே வந்தவர், அவ்விடத்தையே ஆய்வுக்களமாக்கினார். அங்கே வரும் பியூயிக் அன்னங்களின் அலகில் மஞ்சளும் கறுப்பும் பரவியிருக்கும் விதம் பறவைக்குப் பறவை மாறுபடும். 1964 முதல் மையத்தினர் இந்த அலகு வடிவங்களை வரைந்துவைத்து, ஒவ்வொரு பறவைக்கும் பெயரிட்டு ஆண்டுதோறும் அடையாளம் கண்டனர். பறவையைப் பிடிக்காமலே நடந்த அருமையான ஆய்வு இது.

அழிவின் விளிம்பிலிருந்த ஹவாய்த் தீவுகளின் நேனே வாத்தைக் காத்ததே மையத்தின் பெருஞ்சாதனை. 1950-இல் அங்கிருந்து கொண்டுவந்த இரண்டு வாத்துகளும் முட்டையிட்டதால், இரண்டுமே பெட்டை எனத் தெரிந்தது. பின்னர் ஆண் வாத்து ஒன்று விமானத்தில் வந்தது. இங்கு பெருகிய வாத்துகள் 1962-இல் ஹவாயின் மாவி தீவில் விடப்பட்டன.