வழித்துணையும் பரஸ்தானமும்: ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் பயண அச்சத்தின் வரலாறு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து குன்றத்தூர், பல்லாவரம் வழியாக மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுடையது. 1998இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் கார் வெளிவந்து, 2006இல் நோக்கியாவும், 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசானும், 2012இல் டைம்லரும் உற்பத்தியைத் தொடங்கிய பின்னர், அது கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் போய்வருகிறவர்களின் பாதையாகவும் ஆயிற்று. முதன்முறை விமானம் ஏறப்போகிறவரின் வீட்டில் பயணத்துக்குச் சில நாள் முன்பிருந்தே நடக்கும் காரியங்கள் பலவும், அதாவது நாள்காட்டியில் இராகுகாலமும் சூலமும் பார்ப்பது, குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைப்பது, பெட்டியை நல்ல நேரத்தில் வெளியே எடுத்து வைப்பது போன்றவை, இவ்வட்டாரத்து ஆலைகளைவிட மிகப் பழையவை. கால்நடையும் மாட்டுவண்டியுமே பயணமாக இருந்த காலத்தில் உருவான அவ்வழக்கங்கள், பயணியின் மனத்தைத் தேற்றுவதைக் காட்டிலும் புறப்படும் வேளையைச் சீர்செய்வதிலேயே குறியாக இருந்தன. புறப்படும் வேளை பயணியின் கையைவிட்டு விமானக் கால அட்டவணைக்குப் போனபோது அவை என்னவாயின என்பதே இங்கு ஆராயத் தக்கது.

பயணத்துக்கு முந்தைய அச்சத்தைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற தமிழ்ச் செய்தி இச்சாலையோரத்து ஊர்க்காரர் ஒருவரால் காப்பியத்தில் ஏற்றப்பட்டது. குன்றத்தூரில் பிறந்து இரண்டாம் குலோத்துங்க சோழனின் அமைச்சராக இருந்த சேக்கிழார், 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரிய புராணத்தில், திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்பட இருந்த திருஞானசம்பந்தரைத் திருநாவுக்கரசர் தடுத்த நிகழ்ச்சியைக் கூறுகிறார். சமணர்கள் செய்யக்கூடிய தீங்கும் கோள்களின் நிலையும் மூத்தவரான நாவுக்கரசரைக் கலங்கச் செய்தன; சம்பந்தரோ சிவன் தம் உள்ளத்தில் இருக்கையில் எந்தக் கோளும் தீமை செய்யாது என்னும் பொருளில் ஒரு பதிகம் பாடிவிட்டுப் புறப்பட்டார். கோளறு பதிகம் எனப்படும் அப்பாடல் நாள்கோளை நம்பவேண்டியதில்லை என்று அறிவிப்பதற்காகப் பாடப்பட்டது. பிற்காலத்தார் அதையே நாள்கோளுக்குப் பரிகாரமாக ஓதத் தொடங்கினர். பயணத்துக்கு முன் அதை ஓதுகிறவர்கள் பலர் அதற்குப் பிறகும் இராகுகாலம் கழிந்துதான் வாசலைத் தாண்டுகிறார்கள் என்பதில் உள்ள முரண் சேக்கிழாருக்கே புன்னகை வரவழைத்திருக்கும்.

1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்ததாகக் கொள்ளப்படும் இராமானுசரின் வரலாற்றிலும் அச்சமூட்டிய பயணம் ஒன்று உண்டு. ஆசிரியர் யாதவப் பிரகாசருடன் காசி யாத்திரை போகையில், தம்மைக் கொல்லச் சதி நடப்பதைச் சிற்றன்னை மகனான கோவிந்தர் வாயிலாக அறிந்த அவர், விந்தியக் காட்டில் கூட்டத்தைவிட்டு விலகி வழி தெரியாமல் நின்றதாகவும், வேடனும் வேடுவச்சியுமாக வந்த இருவர் துணைவர, விடியும்போது காஞ்சிபுரத்துக்கு அருகில் ஒரு கிணற்றடியில் நின்றதாகவும் வைணவ குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. வந்தவர்கள் வரதராசரும் பெருந்தேவித் தாயாரும் என்பது வைணவர் கொள்கை. விந்தியத்திலிருந்து காஞ்சிக்கு ஓரிரவில் வருவது அந்நாளில் நடக்காத காரியம் என்றாலும், கதை அழுத்திச் சொல்வது வேகத்தையன்று, துணையையே. இராமானுசரின் சீடராகி எம்பார் எனப் பெயர்பெற்ற கோவிந்தர் பிறந்த மதுரமங்கலமும் ஸ்ரீபெரும்புதூரை அடுத்ததே.

ஸ்ரீபெரும்புதூர் வழியாகச் செல்லும் பெங்களூர்ச் சாலையில் மேற்கே போனால், வேலூரைக் கடந்து பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரம் வருகிறது. அவ்வூர்ச் சிவனுக்கு வழித்துணைநாதர் என்பதே பெயர். வடமொழியில் மார்க்கபந்து என்பர். மிளகு மூட்டைகளுடன் மைசூர்ப் பக்கத்திலிருந்து காஞ்சிபுரம் போன வணிகன் ஒருவன் கள்வருக்கு அஞ்சி இங்கே வேண்டிக்கொள்ள, இறைவன் வீரன் உருவில் உடன்சென்று காத்ததாகத் தலபுராணம் சொல்கிறது. 16ஆம் நூற்றாண்டில் ஆரணிக்கு அருகிலுள்ள அடையபலத்தில் வாழ்ந்த அப்பய்ய தீட்சிதர் இத்தெய்வத்தின்மீது இயற்றிய மார்க்கபந்து தோத்திரம் வெளியூர் புறப்படுவோர் சொல்லும் பாடலாக நிலைத்துவிட்டது. பாலாற்றுச் சமவெளியின் இக்கதைகள் இரண்டிலும் பயணிக்குத் தைரியம் சொல்லப்படுவதில்லை; ஆள் அனுப்பப்படுகிறது.

தெய்வத் துணை கேட்பது ஒருபுறமிருக்க, நாள்தோறும் கைக்கொள்ளத்தக்க நடைமுறையைத் தந்தது பஞ்சாங்கம். பகற்பொழுதை எட்டாகப் பிரித்து அவற்றுள் ஒரு பகுதியை, அதாவது சுமார் ஒன்றரை மணி நேரத்தை, இராகுவுக்கு உரியதாக ஒதுக்குவது இராகுகாலம், திங்களன்று 7.30 முதல் 9 வரை, வெள்ளியன்று 10.30 முதல் 12 வரை என அது நாளுக்கு நாள் மாறும். சூலம் என்பது நேரத்தைவிட்டுத் திசையைப் பார்ப்பது. திங்களும் சனியும் கிழக்கே சூலம், ஞாயிறும் வெள்ளியும் மேற்கே, செவ்வாயும் புதனும் வடக்கே, வியாழன் தெற்கே. அந்தந்த நாளில் அத்திசை நோக்கிப் போகக்கூடாது. போயே தீரவேண்டியவருக்கு விலக்கும் அருகிலேயே அச்சிடப்பட்டிருக்கும்: கிழக்குக்குத் தயிர், மேற்குக்கு வெல்லம், வடக்குக்குப் பால், தெற்குக்குத் தைலம். தடையை விதித்த அதே கட்டத்துக்குள் அதை நீக்கும் வழியையும் எழுதிவைத்த இந்த ஏற்பாடு, அச்சத்தை ஒரு வாய்த் தயிரின் அளவுக்குச் சுருக்கிக் கொடுத்தது என்பதை மறுப்பதற்கில்லை.

இவ்வழக்கங்களுள் நுட்பமானது பரஸ்தானம். நல்ல நாளும் நல்ல நேரமும் ஒரு சமயத்திலும், உண்மையில் புறப்படவேண்டிய நேரம் வேறொரு சமயத்திலும் அமைந்துவிட்டால், பயணத்துக்குரிய பொருள்களில் ஒன்றை, துணிமூட்டையையோ குடையையோ கைத்தடியையோ, நல்ல நேரத்தில் வீட்டைவிட்டு எடுத்துச் சென்று, போகவேண்டிய திசையிலுள்ள அண்டைவீட்டிலோ கோயிலிலோ வைத்துவிடுவார்கள். அந்தக் கணமே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பயணி அதன்பின் எந்த நேரத்திலும் சாவகாசமாகப் புறப்பட்டு, வழியில் அப்பொருளை எடுத்துக்கொண்டு போகலாம். அவர் செய்வது புறப்பாடன்று, முன்னரே தொடங்கிய பயணத்தின் தொடர்ச்சி. வைத்த பொருளைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவருவது மட்டும் கூடாது. வழக்கறிஞரின் மூளைக்கு ஈடான இத்தந்திரத்தில் ஒரு பக்கவிளைவும் உண்டு: பெட்டி போய்விட்ட பிறகு, போவதா வேண்டாமா என்ற தடுமாற்றத்துக்கு இடமில்லாமல் போகிறது.

ஆனால் அச்சத்தைத் தணிக்கும் முறைகள் எல்லாம் இவ்வளவு தீங்கற்றவையாக இருக்கவில்லை. புறப்படும்போது எதிரே வருகிறவரைக் கொண்டு பலன் சொல்லும் சகுனம், சுமங்கலியை நற்குறியாகவும் கைம்பெண்ணைத் தீக்குறியாகவும் வகுத்தது. ஒருவரின் பயண அச்சம் தணிவதற்காக இன்னொருத்தி கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. அச்சத்தின் செலவை அந்த வீட்டிலேயே மிக எளியவர் தலையில் ஏற்றிய இவ்வழக்கத்துக்கு எந்தச் சமாதானமும் பொருந்தாது. இராகுகாலத்திலேயே சுயமரியாதைத் திருமணங்களை நடத்திக் காட்டிய பெரியாரின் இயக்கம், நேரத்தைப் பற்றிய அச்சத்தைப் பொதுமேடையில் நேருக்குநேர் சோதித்த முதல் பெரும் முயற்சியாகும்.

நீராவிக் கப்பல் வந்தபோது அச்சத்தின் பொருளே மாறியது. கடல் கடந்தால் சாதி கெடும் என்ற தடை அலைகளைவிடப் பெரிதாக நின்றது. 1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து நெவாசா கப்பலில் புறப்பட்ட கணிதமேதை இராமானுசனுக்குத் தாய் கோமளத்தம்மாளின் ஒப்புதல் கிடைக்க நாமக்கல் நாமகிரித் தாயாரின் கட்டளை தேவைப்பட்டது என்பது பலராலும் எழுதப்பட்ட செய்தி.

வானூர்தி இத்தனை கேள்விகளை எழுப்பவில்லை. அது முதலில் கடிதங்களையே சுமந்து வந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவந்த அஞ்சல் விமானத்தை, நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மறுநாள் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். 1953இல் இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானபோது அதன் பெரும்பாலான விமானங்கள் டகோட்டாக்கள். அவற்றில் அழுத்தச் சமனாக்கம், அதாவது மேலே காற்று குறைந்தாலும் உள்ளறையில் காற்றழுத்தத்தைப் போதிய அளவில் வைத்திருக்கும் ஏற்பாடு, கிடையாது. ஆகவே தாழ்வாக, மேகங்களின் ஊடே, வெயில் ஏறஏறக் குலுங்கியபடி பறக்கவேண்டியிருந்தது. பணிப்பெண் தட்டில் ஏந்திவந்த பஞ்சும் மிட்டாயும் அக்காலத்தின் அடையாளங்கள்: பஞ்சு இரைச்சலுக்கு, மிட்டாய் எச்சிலை விழுங்கவைத்துக் காதடைப்பை நீக்குவதற்கு. 1957இல் வைக்கவுண்ட் விமானங்கள் வந்து மேகங்களுக்கு மேலே பறந்த பிறகும் அந்தத் தட்டு நெடுநாள் வந்துகொண்டிருந்தது. விபத்துகள் அக்காலத்தில் அரிதாக இருக்கவில்லை. 1973 மே 31 அன்று சென்னையிலிருந்து டெல்லி சென்ற போயிங் 737 தரையிறங்குமுன் விழுந்து, மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலமும் பொதுவுடைமைத் தலைவர் கே. பாலதண்டாயுதமும் உட்பட 48 பேர் இறந்தனர். 1976 அக்டோபர் 12 அன்று பம்பாயிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய காரவெல் விமானத்தில் இருந்த 95 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

விமானம் பஞ்சாங்கத்துக்கு வைத்த சோதனை வேறு வகையானது. பயணச்சீட்டில் அச்சான நேரத்தை யாருக்காகவும் அரைமணி தள்ளிவைக்க முடியாது. திசையின் பாடு இன்னும் சிக்கலானது. சென்னையின் முதன்மை ஓடுபாதைக்கு 07/25 என்று பெயர். திசைகாட்டிப் பாகைகளைப் பத்தால் வகுத்த எண்கள் அவை, ஏறத்தாழக் கிழக்கையும் மேற்கையும் குறிப்பவை. விமானம் காற்றை எதிர்த்தே எழவேண்டும் என்பதால், தென்மேற்குப் பருவக்காற்றில் சிங்கப்பூர் விமானமும் மேற்கு நோக்கி எழுந்து, பிறகுதான் வளைந்து கடலுக்குத் திரும்புகிறது. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம் என்றால் அது சேருமிடத்துக்கா, ஓடுபாதைக்கா என்று பஞ்சாங்கம் கணித்தவர்கள் யோசித்திருக்க வாய்ப்பில்லை. நடைமுறை இதற்குச் சுலபமாக விடை கண்டது: புறப்பாடு என்பது வீட்டு வாசலைத் தாண்டுவதே, விமானம் எழுவதன்று. நள்ளிரவு விமானத்துக்கு மாலையிலேயே பெட்டி பக்கத்து வீட்டுக்குப் போவதும், இராகுகாலத்துக்கு முன்பே வாடகைக் கார் வாசலுக்கு வந்து நிற்பதும் பரஸ்தானத்தின் இன்றைய வடிவங்களே.

மனமருத்துவம் இதற்குள் தன் வழியில் வேறொன்றைக் கண்டிருந்தது. தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பே 1958இல் வெளியிட்ட நூலில் விளக்கிய படிப்படியான அச்சநீக்கம் என்பது, அஞ்சும் பொருளைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, உடலைத் தளர்த்திய நிலையில் ஒவ்வொன்றாக எதிர்கொள்ளப் பழக்குவது. பறத்தலுக்கு அஞ்சுவோருக்காகப் பிற்காலத்தில் விமான நிறுவனங்கள் நடத்திய வகுப்புகளிலும் இம்முறை இடம்பெற்றது. பயணத்தைத் துண்டாக்கித் தொடங்கிவைக்கும் பரஸ்தானத்துக்கும் இதற்கும் உருவ ஒப்புமை உண்டு என்பதற்கு மேல் சொல்வது மிகையாகும். முன்னது மனத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

தெய்வங்களும் விமானப் பயணத்தோடு இணைந்துகொண்டன. ஜப்பானில் வானூர்தி முன்னோடி நினோமியா சூஹாச்சி, விமான விபத்துகளில் உயிரிழந்தவர்களுக்காக 1915இல் யவாட்டாவில் ஒரு ஷிண்டோ கோயிலையே நிறுவினார். பயணக் காப்புக்காக அங்கே போகிறவர்கள் இன்றும் உண்டு. பஞ்சாபின் தல்ஹான் குருத்வாராவில் வெளிநாடு போக விரும்புவோர் பொம்மை விமானங்களைக் காணிக்கை வைக்கின்றனர். மீனம்பாக்கத்தை ஒட்டிய பழவந்தாங்கலில் புகழ்பெற்றவர் விசா கணபதி. அவர் முன் பாஸ்போர்ட்டை வைத்து வேண்டுகிறவர்களில் பெரும்பாலோருக்கு வானத்தைப் பற்றிய கவலை இல்லை. நேர்காணலில் தூதரக அதிகாரி கேட்கப்போகும் கேள்வியைப் பற்றியே கவலை. மிளகு வணிகன் கள்வருக்கு அஞ்சினான், கோமளத்தம்மாள் ஊராருக்கு அஞ்சினார், டகோட்டாவில் ஏறியவர் குலுக்கலுக்கு அஞ்சினார். இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ வேலைபார்த்து வெளிநாட்டு ஆலைக்குப் போகும் இளைஞருக்கு மூன்றுமே பழங்கதை. சனிக்கிழமை ஜப்பானுக்குப் புறப்படும் அவருக்கு, கிழக்கே சூலம் என்பதற்காக வீட்டார் ஒரு கரண்டித் தயிர் கொடுத்து அனுப்புகிறார்கள். அவர் அதைக் குடித்துவிட்டு, பையில் விசாத் தாள் இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொள்கிறார்.