முயல், கினி பிக் ஜோடியாக வளர்க்கிறீர்களா? கருத்தடை ஏன் அவசியம்? கொல்லிமலைவாசிகள் கவனிக்க வேண்டியவை என்ன?

"ரெண்டும் பொண்ணுதான், தைரியமா வாங்கிட்டுப் போங்க." முயல் வாங்கப் போனால் அடிக்கடி காதில் விழும் வார்த்தை இது. ஆனால், நான்கைந்து மாதம் கழித்து ஒருநாள் காலையில் கூண்டுக்குள் ஏழெட்டு குட்டிகள் கிடக்கும்போதுதான், அதில் ஒன்று ஆண் என்பதே பலருக்கும் தெரியவரும்.

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையின் குளிர்ந்த காலநிலை முயலுக்கும் கினி பிக்குக்கும் ஏற்றது, புல்லுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அறுவை சிகிச்சை என்று வந்தால், பெரும்பாலும் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே இறங்க வேண்டும். அதனால் மலையில் வளர்ப்பவர்கள் கொஞ்சம் முன்கூட்டியே திட்டமிடுவது நல்லது.

தனியாக வளர்க்கலாமா?

வேண்டாம். இரண்டுமே கூட்டமாக வாழும் பிராணிகள். தனியாகக் கூண்டில் கிடந்தால் சோர்ந்துபோகும். ஜோடி தேவைதான். ஆனால் ஆணும் பெண்ணுமாக அப்படியே சேர்த்து விட்டால் நிலைமை கைமீறிவிடும்.

எவ்வளவு வேகமாகப் பெருகும்?

முயலின் சினைக்காலம் சுமார் 31 நாட்கள்தான். ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 4 முதல் 8 குட்டிகள். இனச்சேர்க்கை நடந்தாலே கருமுட்டை வெளிவரும் உடலமைப்பு என்பதால், குட்டி போட்ட அன்றே மீண்டும் சினையாக முடியும். சிறிய இன முயல்கள் 4 மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சிலா போன்ற பெரிய இனங்கள் 5, 6 மாதத்தில் பருவமடையும்.

கினி பிக்குக்கு சினைக்காலம் 59 முதல் 72 நாட்கள். பொதுவாக 2 முதல் 4 குட்டிகள். கண் திறந்து, ரோமத்துடனேயே பிறக்கும். பெண் குட்டி 4 வாரத்திலேயே சினைபிடிக்க வாய்ப்புண்டு. எனவே 3 வாரம் ஆனதும் ஆண் குட்டிகளைத் தாயிடமிருந்தும் சகோதரிகளிடமிருந்தும் பிரித்துவிட வேண்டும்.

"ஒரு தடவை குட்டி போடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" சரியா?

தவறு. கினி பிக்கில் இது உயிருக்கே ஆபத்து. 6, 7 மாத வயதுக்குள் முதல் ஈற்று நடக்காத பெண் கினி பிக்கின் இடுப்பெலும்பு இணைப்பு இறுகிவிடும். அதன் பிறகு முதன்முறை சினையானால் குட்டி வெளியே வர முடியாமல் தாயும் குட்டியும் இறக்கலாம்.

பெண் முயலுக்கு வேறொரு ஆபத்து இருக்கிறது. கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு 4 வயதுக்கு மேல் கருப்பைப் புற்றுநோய் மிகச் சாதாரணமாக வருகிறது. சில இனங்களில் பாதிக்கும் மேற்பட்ட பெண் முயல்களுக்கு இது வருவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. குட்டி போட்டிருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. கருப்பையை அகற்றினால் இந்த ஆபத்து இல்லை.

யாருக்கு, எந்த வயதில் கருத்தடை?

* ஆண் முயல்: விதைகள் இறங்கிய பிறகு, 4 முதல் 5 மாதத்தில்.
* பெண் முயல்: 5 முதல் 6 மாதத்தில்.
* கினி பிக்: பெண்ணுக்கான அறுவை சிகிச்சை சற்றுச் சிக்கலானது. எனவே பொதுவாக ஆணுக்கே, 3, 4 மாதத்துக்கு மேல் செய்கிறார்கள். பெண்ணுக்குச் சினைப்பைக் கட்டி போன்ற பிரச்னை வந்தால் மருத்துவர் முடிவு செய்வார்.

முக்கியமான விஷயம்: ஆணுக்கு ஆபரேஷன் முடிந்ததும் பெண்ணோடு விடக் கூடாது. மிச்சமிருக்கும் விந்தணுக்களால் சினைபிடிக்கலாம். 6 வாரம் தனியாக வைத்திருங்கள்.

மலையிலிருந்து அழைத்துப் போவது எப்படி?

நாமக்கல்லில் 1985ல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அங்கே போனாலும் தனியார் மருத்துவரிடம் போனாலும், முயல், கினி பிக்குக்கு ஆபரேஷன் செய்த அனுபவம் உள்ளதா, வலி மருந்து தருவார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நாய், பூனைக்குச் செய்வதும் இதற்குச் செய்வதும் ஒன்றல்ல.

* பட்டினி போடாதீர்கள். நாய்க்கு ஆபரேஷன் என்றால் முதல் நாள் இரவே சாப்பாட்டை நிறுத்துவார்கள். முயலும் கினி பிக்கும் வாந்தி எடுக்க முடியாத பிராணிகள் என்பதால் அது தேவையில்லை. மாறாக, வயிறு காலியானால் குடல் இயக்கம் நின்று போகும். கூடையிலேயே புல் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.
* விடியற்காலையில் கிளம்புங்கள். மலைக் குளிருக்குப் பழகிய முயலுக்கு 30 டிகிரியைத் தாண்டிய வெயில் ஆபத்தானது. முடிந்தால் ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்க்கலாம்.
* அடியில் துண்டு விரித்த, காற்றோட்டமுள்ள பெட்டி வேண்டும். வளைவுகளில் வழுக்கி விழாமல் இருக்கும்.
* அன்றே மலையேற அவசரப்படாதீர்கள். சாப்பிட ஆரம்பித்து, புழுக்கை போட்ட பிறகு கிளம்புவது பாதுகாப்பு. கீழே சொந்தக்காரர் வீடு இருந்தால் ஒரு ராத்திரி தங்கிவிடலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு 12 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருந்தாலோ, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு மூலையில் குறுகி உட்கார்ந்தாலோ உடனே மருத்துவரை அழையுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் மாத்திரையைக் கரைத்துக் கொடுப்பது உயிரையே பறிக்கலாம்.

ஜோடி சேர்ப்பது எப்படி?

முயலில் கருத்தடை செய்த ஆணும் பெண்ணும்தான் சிறந்த ஜோடி. முதலில் கூண்டுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். விரிப்புத் துணியை மாற்றி மாற்றிப் போட்டு வாசனையைப் பழக்குங்கள். பிறகு, இரண்டும் இதுவரை புழங்காத இடத்தில் 10, 15 நிமிடம் சேர்த்து விடலாம். துரத்துவது, மேலே ஏறுவது சகஜம். உருண்டு புரண்டு கடித்துக்கொண்டால் பிரித்துவிடுங்கள். வெறும் கையை நடுவில் விடாமல், துண்டைப் போட்டுப் பிரிப்பது நல்லது. சில வாரங்களில் ஒன்றையொன்று நக்கிக்கொடுத்து, ஒட்டிப் படுத்தால் ஜோடி சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கினி பிக்கில் கருத்தடை செய்த ஓர் ஆணுடன் ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் சேர்ந்திருக்கலாம். பெண்கள் மட்டும் என்றாலும் பிரச்னையில்லை. இரண்டு ஆண்கள் என்றால் இடம் தாராளமாக வேண்டும். பக்கத்தில் பெண் வாசனையே இருக்கக் கூடாது.

முயலையும் கினி பிக்கையும் ஒரே கூண்டில் விடலாமா?

கடைகளில் அப்படி வைத்திருப்பதைப் பார்த்து வீட்டிலும் செய்யாதீர்கள். முயலின் ஒரு உதையே கினி பிக்கின் எலும்பை முறித்துவிடும். முயலிடம் எந்த அறிகுறியும் காட்டாத போர்டெடெல்லா கிருமி, கினி பிக்குக்கு நிமோனியாவை உண்டாக்கும். சாப்பாடும் வேறு. நம்மைப் போலவே கினி பிக்கின் உடலிலும் வைட்டமின் சி உற்பத்தியாகாது. தினமும் கொத்தமல்லித் தழை, குடைமிளகாய், சிறு துண்டு கொய்யா என்று கொடுத்தாக வேண்டும்.

காட்டில் விட்டுவிடலாமா?

"குட்டி அதிகமாயிடுச்சு, மலையிலதான் காடு இருக்கே" என்று நினைப்பது தவறு. கூண்டில் வளர்ந்த முயலுக்கு நாயிடமிருந்தோ கீரியிடமிருந்தோ தப்பத் தெரியாது. பசியிலும் தாகத்திலும் வாடும் நிலையில் பிராணியைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டு மிருகவதை தடுப்புச் சட்டப்படி குற்றம்.

அதேபோல், சாமை, தினை வயலோரம் தனியாகக் கிடக்கும் காட்டு முயல் குட்டியை வீட்டு முயலுக்கு ஜோடியாக்கலாம் என்று தூக்கி வராதீர்கள். அது வேறு இனம். வீட்டு முயலோடு சேர்ந்து குட்டி போடாது. தாய் இரை தேடப் போயிருக்கும், பால் கொடுக்கத் திரும்பி வரும். காட்டு முயலைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

எனவே முயலோ கினி பிக்கோ வாங்கினால், "ரெண்டும் பொண்ணுதான்" என்ற வார்த்தையை நம்பி ஒரே கூண்டில் விட்டுவிடாதீர்கள். முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டி ஆணா, பெண்ணா என்று உறுதி செய்யுங்கள். அதுவரை தனித்தனிக் கூண்டில் இருக்கட்டும்.